முத்துச்சிப்பியின் காவலும் உலோக நுண்துகளும்

முத்து என்றவுடன் தென்பாண்டிக் கடற்கரையாராகிய நமக்கு அதன் ஒளியும் விலையுமே நினைவிற்கு வரும். அதனை ஈன்ற சிப்பி எத்துணை இடையூறுகளுக்கிடையே உயிர் வாழ்கின்றது என எண்ணுவார் சிலரே. தூத்துக்குடியில் அரசினர் நடத்திவந்த முத்துச் சிலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. 1973-ஆம் ஆண்டில் அருகிலுள்ள வேப்பலோடையில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து முத்து விளைவிக்கும் முறையில் வெற்றி கண்டனர். பின்னர் இறால் வளர்ப்பும் இக்கரையில் ஒரு தொழிலாயிற்று. கடலுயிரைத் தேடிப் பிடித்த காலம் போய் வளர்த்துப் பேணும் காலம் வரவே, அவற்றின் நோயும் நம் கவலையாயிற்று. அந்நோயைத் தடுக்க உலோகங்களின் மிக நுண்ணிய துகள்கள் உதவுமோ என்று இன்று அறிஞர் ஆராய்கின்றனர். அதன் தன்மையை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

உடலின் நோய் எதிர்ப்பாற்றல் இருவகைப்படும். ஒன்று பிறவியிலேயே அமைந்தது; மற்றொன்று நோயோடு பழகிப் பெறுவது. முன்னது வாயிற்காவலன் போன்றது. அயலான் எவன் புகினும், அவன் பெயரும் ஊரும் வினவாது உடனே தடுக்கும். பின்னது, ஒருமுறை கண்ட பகைவனின் முகத்தை நினைவில் வைத்திருந்து, அவன் மறுமுறை வரும்போது அவனுக்கென்றே செய்த படைக்கலத்தால் தாக்கும். அம்மை குத்துதல் முதலிய தடுப்பு முறைகள் யாவும் பெரும்பாலும் இப்பின்னதையே நம்பியவை.

பிறவிக் காவலை முதன்முதல் தெளிவாகக் கண்டவர் மெச்னிக்காவ் என்னும் ருஷிய அறிஞர். அவர் 1882-ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினாக் கடற்கரையில், கண்ணாடி போன்ற உடலையுடைய நட்சத்திரமீன் குஞ்சினுள் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாட் காலையில் நோக்க, உடலில் அலையும் அணுக்கள் பல அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. இவ்வாராய்ச்சிக்காக 1908-ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. 1996-ஆம் ஆண்டில், பழ ஈயின் உடலில் 'டோல்' என்னும் புரதம் காளான் நோயைத் தடுக்கத் துணைபுரிவதை ஹாஃப்மன் குழுவினர் காட்டினர். எளிய உயிர்களே இத்துறையில் மனிதனுக்கு ஆசிரியராயின என்பது சிந்திக்கற்பாலது.

சிப்பிக்கும் இறாலுக்கும் உள்ள குறை யாதெனின், அவற்றிற்கு நம்மைப்போல் எதிர்ப்புப் புரதங்களைச் செய்யும் இரண்டாவது காவல் இல்லை என்பதே. சிப்பியின் நிறமற்ற குருதியிலுள்ள அணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன. முத்தும் ஓர் அடைப்புச் சுவரே. மழைத்துளி வீழ்ந்து முத்தாகும் எனப் பண்டையோர் கருதினர். சிப்பியின் ஓட்டை ஆக்கும் உட்சவ்வின் அணுக்கள், ஒட்டுண்ணி முதலிய அயற்பொருளைச் சுற்றிப் பைபோல் வளர்ந்து, அதன்மீது படலம் படலமாக முத்துப்பொருளைப் பூசுவதாலேயே முத்து உண்டாகின்றது என இன்று அறிவோம்.

இறாலின் காவலில் உலோகத்தின் பங்கு இன்னும் வெளிப்படையானது. அதன் குருதியில் உயிர்வாயுவைச் சுமப்பது செம்பு கலந்த புரதம். காயம் பட்ட இடத்தில் கருநிறப்பொருளை உண்டாக்கிக் கிருமியைச் சிறைப்படுத்தும் நொதியமும் செம்பையுடையதே. ஆகவே உலோகங்கள் இவ்வுயிர்களின் காப்பிற்குப் புறம்பானவையல்ல.

இக்காவல் தளரும்போது விளையும் கேடு சிறிதன்று. 1994-ஆம் ஆண்டு தொடங்கி, வெள்ளைப்புள்ளி நோய் நம் கீழைக்கடற்கரையின் இறால் பண்ணைகளிற் பரவிப் பேரழிவு செய்தது. நோய் கண்ட சில நாட்களிலேயே குளம் முழுவதும் மடிந்துபோதல் உண்டு. அது வைரஸால் வருவது; கிருமிக்கொல்லி மருந்துகள் அதனை அணுகா. எனினும் அம்மருந்துகளைக் கண்டபடி இடுவதால் நோய்க்கிருமிகள் மருந்திற்கு அடங்காதனவாகின்றன. ஊனில் மருந்தின் எச்சம் காணப்படின் பிறநாட்டார் சரக்கைத் திருப்பிவிடுகின்றனர். ஜப்பானிலும் 1990-க்குப் பிந்திய ஆண்டுகளில் வளர்ப்பு முத்துச்சிப்பிகள் பெருந்திரளாக மடிந்தன. கடன் வாங்கிக் குளம் வெட்டியவனுக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தியன்று. அவன் குடும்பத்தின் சோற்றுக் கேள்வி. தடுப்பூசி முறை செல்லாத உயிர்களிடத்து, உள்ள ஒரே காவலை விழிப்பூட்டுவதன்றி வேறு வழி அரிதன்றோ?

இங்குத்தான் நானோத் துகள் என்பது வருகின்றது. ஒரு மீட்டரை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். முத்தின் ஒளிக்குக் காரணமான தகடுகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 நானோமீட்டர் தடிப்புடையன. பொதுவாக நானோத் துகள் என்று வழங்குவன 100 நானோமீட்டருக்கு உட்பட்டவை. ஒரு சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 10 நானோமீட்டர்ப் பக்கமுள்ள துண்டுகளாக்கின், மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகும்! பொருள் ஒன்றே; அதன் செயலோ பன்மடங்காகின்றது. மேலும், இத்துகள்களின் அளவு வைரஸின் அளவை நெருங்குவதால், காவலணுக்கள் இவற்றையும் விழுங்குகின்றன. சில உலோகத் துகள்கள் அணுவினுட் புகுந்து மெல்லக் கரைந்து, ஆபத்து வந்ததென்னும் அறிவிப்பை எழுப்புகின்றன.

இது முற்றிலும் புதியதன்று. 1926-ஆம் ஆண்டில் கிளென்னி என்னும் ஆங்கிலேயர், தொண்டை அடைப்பான் நோய்க்குரிய தடுப்பு மருந்தோடு படிகாரம் சேர்ப்பின் பயன் மிகும் எனக் கண்டார். அலுமினிய உப்புக்கள் அன்றுதொட்டுத் தடுப்பூசிகளிற் பயன்பட்டு வருகின்றன. அவை பிறவிக் காவலணுக்களிலுள்ள அறிவிப்பு இயந்திரம் ஒன்றைத் தூண்டவல்லன என்பது 2008-ஆம் ஆண்டிலேதான் வெளியாயிற்று. 2021-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வழங்கப்பெற்ற கோவாக்சின் என்னும் தடுப்பூசியிலும் அலுமினியக் கூழ் உண்டு. மாங்கனீஸ் உலோகமும் வைரஸை உணரும் காவல் முறையைக் கூர்மையாக்குகின்றது எனச் சீன அறிஞர் 2018-ஆம் ஆண்டிற் காட்டினர்.

நம் மாகாணத்து ஆராய்ச்சி ஒன்றையும் கூறுதல் வேண்டும். கோயம்புத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழகத்தார் நன்னீர் இறாலின் உணவில் துத்தநாக நானோத் துகள்களைப் பலவேறு அளவிற் கலந்து கொடுத்து, அதன் முடிபை 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு கிலோ உணவிற்கு 10 முதல் 60 மில்லிகிராம் வரை சேர்த்தபோது வளர்ச்சியும் குருதியணுக்களும் நலமுற்றன. 80 மில்லிகிராம் ஆனபோது நன்மை போய்த் தீமை தோன்றலாயிற்று. மருந்திற்கும் நஞ்சிற்கும் இடையேயுள்ள வரப்பு இத்துணைச் சிறிதாயிருத்தலை நாம் மறக்கலாகாது.

காவலனை விழிப்பூட்டுதல் வேறு. அவனைப் பித்தனாக்குதல் வேறு. ஓயாது தூண்டப்பட்ட அணுக்கள் கிருமியைக் கொல்ல உண்டாக்கும் வேகமுள்ள பொருள்களால் தம் உடலையே புண்படுத்தும். இஃது ஒரு தீங்கு.

மற்றொரு தீங்கு கடலைச் சார்ந்தது. குளத்திலிட்ட உணவு முழுவதும் இறாலின் வயிற்றிற் போவதில்லை; எஞ்சியது நீரோடு வெளியேறும். கிருமிக்கொல்லி மருந்து நாளடைவிற் சிதைந்துபோதல் கூடும், உலோகம் சிதையாது. துத்தநாகத் துகள் உப்புநீரிற் கரையும். மிகுந்தால் நுண்பாசிக்கும் கடலுயிர்களின் குஞ்சுகளுக்கும் நஞ்சாகும். சிப்பியோ நாள்தோறும் பலபடி நீரை வடிகட்டி உண்பது. நீரிலுள்ள உலோகத்தைத் தன் உடலிற் சேர்த்துவைக்கும் இயல்பினது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. இறாலைக் காக்க இட்ட மருந்து, அங்குள்ள பவளத்தையும் சிப்பியையும் வாட்டுமாயின், அதனைக் காவல் என்று எங்ஙனம் கூறுவது?

பற்பமும் செந்தூரமும் அறிந்த நாட்டினர், உலோகப்பொடி நமக்குப் பழமையானதே எனக் கூறக்கூடும். பழமை ஒன்றே ஒரு பொருளின் நன்மைக்குச் சான்றாகாது, புதுமையும் அவ்வாறே. துகளின் பருமன் யாது, உடலில் எவ்வளவு தங்கும், நீரில் எவ்வளவு கலக்கும் என்னும் மூன்றையும் அளந்தறிந்த பின்னரே எம்மருந்தையும் குளத்திலிடலாம். அத்துடன், நோயற்ற குஞ்சு, தூய நீர், நெருக்கமில்லாத வளர்ப்பு ஆகிய மூன்றும் இல்லாதவிடத்து எத்துகளும் கைகொடாது.

தூத்துக்குடியில் 1977-ஆம் ஆண்டு முதல் மீன்வளக் கல்லூரி நடந்துவருகின்றது. வேதியியலும் விலங்கியலும் பயிலும் நம் மாணவர், அதனோடு சேர்ந்து ஆராய்தற்கு உரிய பொருள் இது. முன்னாளில் முத்து வணிகர், கண்ணுக்கு அழகாயிருக்கின்றதென்று மட்டும் ஒரு முத்தை மதிப்பிட்டுவிடவில்லை. பித்தளைச் சல்லடைகளிலிட்டு அளவு பிரித்து, தராசிலிட்டு நிறுத்தே விலை கூறினர். இந்த நுண்துகள்களையும் அவ்வாறே சலித்தும் நிறுத்தும் பார்த்து மதிப்பிடுதல் நம் கடமையாம்.