குழாய் வழியே பேசும் கீபோர்டு

மனித சாரீரத்துக்கு ஈடான வாத்தியம் கிடையாது என்று நம் வித்வான்கள் பரம்பரையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆகையினால்தான் வீணையானாலும் குழலானாலும் நாகசுரமானாலும், ‘வாசிப்பது போலவே இல்லை, பாடுவது போல் இருக்கிறது’ என்று சொல்வதையே அந்த வாத்தியக்காரருக்குச் செய்யக்கூடிய மிக உயர்ந்த மரியாதையாக ரசிகர்கள் கருதிவருகிறார்கள். ஆயினும் எவ்வளவு குழைந்து வாசித்தாலும் அவ்வாத்தியங்கள் ராகத்தைப் பாடுமே தவிர சாகித்தியத்தைப் பாடமாட்டா. ஸ்வரத்தோடு சொல்லையும் சேர்த்து ஒரு வாத்தியத்தினின்று வரவழைப்பதற்கென்றே மேலைநாட்டார் கண்ட சாதனந்தான் டாக் பாக்ஸ் என்பது. அதை வாங்குவதும் இணைப்பதும் சுலபம். அதன் வழியே வரும் சொல் கேட்பவருக்கு விளங்கும்படி செய்வதுதான் கஷ்டம்.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியினின்று எழும் காற்றானது நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புக்களின் தொழிலால் வெவ்வேறு எழுத்துக்களாகப் பிறக்கிறது என்று விளக்குகிறது. சுவீடன் தேசத்து விஞ்ஞானி குன்னர் ஃபாண்ட் 1960-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த கொள்கையும் பெரும்பாலும் இந்தப் பாகுபாட்டை ஒட்டியதே: மிடற்றிலுள்ள குரல்நாண்கள் ஒரு மூல நாதத்தை எழுப்ப, வாயாகிய அறை அந்த நாதத்தின் சில பகுதிகளை ஓங்கச் செய்தும் சிலவற்றை அடக்கியும் அதனை எழுத்தாக்குகிறது. டாக் பாக்ஸ் இவ்விரண்டில் முதற்பகுதியை மட்டும் மாற்றுகிறது. மிடற்றின் ஸ்தானத்தில் கீபோர்டு வந்து அமர, நாவும் இதழும் அண்ணமும் வாசிப்பவருடையனவாகவே இருக்கின்றன. நம் கச்சேரி மேடையில் மிருதங்கத்துக்குத் துணையாக ஒலிக்கும் மோர்சிங்கைக் கவனித்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. அங்கும் இரும்புச் சட்டத்தின் நாக்கு ஒரே சுருதியில்தான் அதிர்கிறது. அதனைப் பலவிதச் சொற்கட்டுகளாக மாற்றுவது வித்வானுடைய வாயின் விரிவும் சுருக்கமுமே.

அமைப்பு மிகவும் எளியது. கோயில் திருவிழாக்களில் மரத்துக்கு மரம் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியின் பின்புறத்தில் கனமான உருண்டைப் பகுதி ஒன்று திருகப்பட்டிருக்கும். மைக் செட்காரர்கள் அதை ‘யூனிட்’ என்பார்கள். அத்தகைய யூனிட் ஒன்றை ஒரு பெட்டிக்குள் வைத்து, கூம்பு பொருந்த வேண்டிய அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகிவிட்டால் டாக் பாக்ஸ் தயார். கீபோர்டின் நாதம் ஆம்ப்ளிஃபயரில் பலம் பெற்று, யூனிட்டில் காற்றின் அதிர்வாகி, குழாய் வழியே வாசிப்பவரின் வாய்க்குள் புகுகிறது. அவர் தம் குரலைச் சிறிதும் எழுப்பாமல் பாட்டின் சொற்களை வாயசைக்க, எதிரே நிற்கும் மைக் அதனைச் சபைக்கு எடுத்துச் செல்கிறது. வொக்கோடர் என்ற மற்றொரு யந்திரத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் அநேகர். அங்கே பேச்சை அளந்து நாதத்தின்மேல் ஏற்றும் வேலையை மின்சாரச் சுற்றுக்கள் செய்கின்றன, இங்கே எலும்பும் சதையுமே அதைச் செய்கின்றன.

இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. 1939-இல் ஆல்வினோ ரே என்ற அமெரிக்கக் கிதார்க் கலைஞர், திரைக்குப் பின்னால் நின்ற தம் மனைவியின் தொண்டையில் ஒரு மைக்கைப் பொருத்தி, தம் கிதார் பேசுவதாகச் சபையோரை நம்பவைத்தார். அதே காலத்தில் கில்பர்ட் ரைட் என்பவர் கழுத்தின் இருபுறமும் சிறு ஒலிபெருக்கிகளை அழுத்திப் பிடிக்கும் சோனோவாக்ஸைச் செய்தார். 1941-இல் வெளிவந்த ‘டம்போ’ சித்திரப் படத்தில் ரயில் வண்டி பேசுவது அதன் உபயந்தான். குழாயை வாயில் வைக்கும் வழக்கம் 1964-இல் பீட் டிரேக் இசைத்தட்டால் பிரசித்தமாகி, 1973-இல் பாப் ஹைல் மேடைக்குத் தாங்கும் உறுதியான பெட்டியைச் செய்தபின் நிலைத்தது. 1976-இல் பீட்டர் ஃபிராம்ப்டனுடைய கச்சேரிப் பதிவு அதை உலகமெங்கும் கொண்டுசென்றது. இவர்களிற் பெரும்பாலார் கிதார்க்காரர்கள். கீபோர்டையே மிடறாகக் கொண்டு, ஒவ்வொரு சொல்லும் பிசகாமல் கேட்கும்படி செய்தவர் ஒஹாயோ மாகாணத்து ரோஜர் டிரவுட்மன். ஜாப் என்ற குழுவோடு அவர் 1980 முதல் வெளியிட்ட பதிவுகளே இன்றும் இத்துறையில் பிரமாணம். அவருக்குப் பிற்காலத்தில் கைகொடுத்தது பெரிய யந்திரமன்று. யமஹா டிஎக்ஸ் 100 என்ற, பொம்மை போல் தோன்றும் சின்னஞ்சிறு கீபோர்டு. விலைக்கும் தெளிவுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்தச் சாதனத்தைக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நடைபெறும் ஆயுத பூஜைக் கச்சேரியொன்றில் மேடையேற்ற ஒரு கீபோர்டுக் கலைஞர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் நிறைந்த அவ்விடத்தில், சந்தனமும் குங்குமமும் இட்ட யந்திரங்களை ஓரமாக ஒதுக்கி, ஷெட்டின் ஒரு கோடியில் மேடை கட்டி, பொரியும் கடலையும் கையிலேந்திய தொழிலாளர்கள் எதிரே அமர்ந்திருக்க, தமிழ்ப் பாட்டுக்குப் பின் ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்களுக்காகத் தெலுங்குப் பாட்டும், அதற்குப் பின் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்காக இந்திப் பாட்டும் முழங்கும். தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் எழுப்பும் எதிரொலியில், வாயால் பாடும் பாட்டே பாதி விளங்காது. அத்தகைய இடத்தில் குழாய் வழியே வரும் சொல் விளங்க வேண்டுமானால், முதலிலிருந்து கடைசிவரை நாதம் செல்லும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் கவனித்தாக வேண்டும்.

முதற்கண்ணி கீபோர்டில் எடுக்கும் நாதம். பியானோ, புல்லாங்குழல் முதலிய இனிய நாதங்களை எடுத்துக்கொண்டு, சொல் வரவில்லையே என்று ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்பவர்கள் உண்டு. வாய் என்பது புதிதாக ஒன்றையும் சேர்ப்பதில்லை. உள்ளே வந்ததிலிருந்து வேண்டாததைச் செதுக்கி எறிவதே அதன் தொழிலாதலால், கல் சிறிதானால் சிலையும் சிறிதாவது போல, மேல் ஸ்வரக்கூறுகள் இல்லாத மெல்லிய நாதத்திலிருந்து எழுத்து எழும்ப வழியில்லை. ‘ஆ’ என்ற ஒலிக்கு, ஆண்குரலில், சுமார் 700, 1100 ஹெர்ட்ஸ் இடங்களிலும், ‘ஈ’ என்ற ஒலிக்குச் சுமார் 300, 2300 ஹெர்ட்ஸ் இடங்களிலும் வாய் நாதத்தை ஓங்கச் செய்கிறது. அந்தந்த இடத்தில் ஓங்கச் செய்வதற்கு ஏதாவது இருந்தாக வேண்டும். ரம்பப் பல் அலை எனப்படும் ஸாடூத் நாதத்தில் எல்லாக் கூறுகளும் அடங்கியிருப்பதால் அதையே தேர்ந்துகொண்டு, ஃபில்டரை நன்றாகத் திறந்துவிட வேண்டும். தனியே கேட்டால் அது காதைக் குடையும், குடைய வேண்டும். ரிவெர்ப், கோரஸ், எக்கோ ஆகிய அலங்காரங்களைக் கீபோர்டில் அறவே நீக்கிவிட்டு, வேண்டுமானால் மைக்குக்குப் பிறகு சிறிதளவு சேர்க்கலாம்.

ஸ்தாயியும் முக்கியம். 110 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தைப் பிடித்தால், 3000 ஹெர்ட்ஸுக்குள் 27 கூறுகள் நெருக்கமாக அமைகின்றன. 880 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தைப் பிடித்தாலோ 3 மட்டுமே. உச்சஸ்தாயியில் பாடும் பெண்குரலில் சாகித்தியம் மங்குவதற்கும் இதுவே காரணம். ஆகையால் பாடகியின் பாட்டானாலும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசிப்பதே விவேகம். ஒரே சமயத்தில் ஒரே ஸ்வரம், ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குச் சிறு வழுக்கல், இடக்கையில் பெண்ட் சக்கரம்: இவை அமைந்தால் நம் கமகங்களில் பலவற்றைக் காட்டிவிடலாம்.

இரண்டாவது கண்ணி ஆம்ப்ளிஃபயர். இங்கே தனித்தனியாக இரண்டு வேண்டும்; யூனிட்டை இயக்க ஒன்று, சபைக்கு மற்றொன்று. முதலாவதன் ஸ்பீக்கர் அவுட்டிலிருந்துதான் யூனிட்டுக்கு ஒயர் செல்ல வேண்டும். லைன் அவுட்டில் அதற்கு வேண்டிய பலம் கிடையாது. யூனிட் 8 ஓமா 16 ஓமா என்பதைப் பார்த்து ஆம்ப்ளிஃபயரோடு பொருத்துவது அவசியம். கிதார்த் தந்தியின் நாதம் மீட்டியவுடன் தேயத் தொடங்கும். கீபோர்டு நாதமோ விரலை எடுக்கும்வரை குறையாமல் நின்று யூனிட்டின் சுருளைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்குக் கீழ்ஸ்தாயி அதிர்வுகள் அதன் மெல்லிய சவ்வைக் கிழித்துவிடக்கூடியவை; எனவே சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே வெட்டிவிட வேண்டும். அதனால் சொல்லுக்கு யாதொரு நஷ்டமும் இல்லை. வால்யூமை ஏற்றினால் தெளிவு பிறக்கும் என்ற எண்ணம் இத்துறையில் பரவலாக இருக்கிறது. ஏற்ற ஏற்ற நாதம் பெட்டியின் சுவர்கள் வழியே கசிந்து நேரே மைக்கில் புகுந்து சொல்லை மூடிவிடுகிறது என்பதே என் அபிப்பிராயம். பெட்டியைக் கனத்த துணியில் சுற்றி மைக்குக்குத் தொலைவில் வைப்பதும், அந்தப் பாட்டின்போது கீபோர்டின் நேர்நாதம் சபைக்குச் செல்லாமல் தடுப்பதும் நல்ல பலன் தரும்.

குழாய் விஷயத்தில் நம் ஊர் ஹார்டுவேர்க் கடையே போதும். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதற்கு வாங்கும் நிறமற்ற லெவல் டியூபின் பருமனே இதற்கும் ஏற்றது. ஆனால் வாயில் வைப்பதாகையால் தண்ணீர், பால் முதலியவற்றுக்கென்று விற்கும் தரத்தில் புதிதாக வாங்குவது உத்தமம். ஏறக்குறைய 5 அடிக்குமேல் நீளம் கூடினால் மேல் அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துபோகின்றன. யூனிட்டோடு சேருமிடத்தில் காற்றுக் கசியாதபடி டேப்பைச் சுற்றி, மைக் ஸ்டாண்டில் மடிப்பு விழாமல் கட்டி, நுனி மைக்கின் தலையைவிடச் சற்று நீண்டிருக்கும்படி விட வேண்டும். அதை வாயின் நடுவில் கவ்வாமல் கடைவாயோரமாகச் செருகி, பல்லுக்கும் கன்னத்துக்கும் அருகே நிறுத்தினால் நாவுக்கு இடம் கிடைக்கும்.

அதற்குமேல் எல்லாம் வாய்தான். மிடற்றை மூடி மூச்சை அடக்கிக்கொண்டு, தொலைவிலுள்ள செவிடர் ஒருவருக்கு உதட்டசைவால் புரியவைப்பதுபோல் மிகைப்படுத்தி உச்சரிக்க வேண்டும். உயிரெழுத்துக்கள் சுலபமாக வந்துவிடும். அங்காந்து சொல்லும் ஆகாரமும் இதழ் குவித்துச் சொல்லும் ஊகாரமும் முதல் நாளிலேயே கேட்கும். இடையினமும் நன்றாக அமையும். நாவின் நெளிவால் பிறக்கும் ழகரம் இதில் தனி அழகோடு ஒலிப்பது தமிழ்ப் பாட்டுக்கு வாய்த்த பாக்கியம். வல்லினத்தில் பகரமும் தகரமும் டகரமும் வாயின் முன்பகுதியில் பிறப்பதால் தப்பிக்கொள்கின்றன. ககரந்தான் தொல்லை: அதற்காக அடிநா அண்ணத்தின் பின்பகுதியை அடைக்கிறது, குழாயின் நுனியோ அந்த அடைப்புக்கு முன்னாலேயே நாதத்தைக் கொட்டிக்கொண்டிருப்பதால் அடைத்தது அடைத்ததாகவே கேட்பதில்லை. அவ்விடத்தில் ஸ்வரத்தை ஒரு கணம் விட்டுப் பிடித்து, சொந்த மூச்சைச் சிறிது வெடித்து விட வேண்டும். ஸகரத்துக்கும் சகரத்துக்கும் அவ்வாறே மூச்சின் சீறல் வேண்டும். மூக்கின் உதவியால் பிறக்கும் மகர, னகரங்கள் எப்போதும் மங்கலாகத்தான் வரும். ஆதலால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ராகத்தைப் பார்ப்பதற்கு முன் எழுத்தைப் பார்ப்பது லாபம். தேர்ச்சியைச் சோதிக்கக் குழுவிலுள்ள நண்பரை அழைப்பதில் பயனில்லை. பாட்டு அவருக்கு மனப்பாடமாதலால் கேளாத சொல்லையும் அவர் கேட்டுவிடுவார். பாட்டறியாத ஒருவரை உட்காரவைத்து, காதில் விழுந்ததை எழுதச் சொல்ல வேண்டும்.

மைக் சாதாரண டைனமிக் வகையே போதும். உதட்டை ஒட்டியிருக்க வேண்டும். வாயிலிருந்து வரும் ஒலி சொற்பமாகையால் மைக்கின் கெயினை ஏற்ற நேரிடும். உடனே ஊளை கிளம்பும். மேடை மானிட்டரைக் குறைத்து, ஊளையிடும் அதிர்வை மட்டும் ஈக்வலைசரில் இறக்கி, 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சற்றே உயர்த்தலாம். ஸ்பீக்கர்களைக் கூரையை நோக்கி நிமிர்த்தாமல் ஜனங்களின் தலைமட்டத்துக்குச் சாய்த்தால் தகரத்தின் எதிரொலி கணிசமாகக் குறையும்.

ஆலைப் பகுதிகளில் எர்த்தைச் சோதிக்காமல் இந்தச் சாதனத்தைத் தொடவே கூடாது; பெரிய மோட்டார்கள் ஓடும் இடத்து லைனில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறுவது ஒருபுறமிருக்க, கையைக் கீபோர்டிலும் ஈர உதட்டை மைக்கின் உலோக வலையிலும் வைத்திருப்பவருக்கு எர்த் பழுதானால் நேர்வது வெறும் இரைச்சலாக இராது. இரவு 10 மணிக்கு மேல் மூடிய அரங்கினுள் அல்லாமல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி; கச்சேரிகளோ குறித்த நேரத்தில் தொடங்குவதில்லை. குழாய் கட்டவும் ஊளை தணிக்கவும் இடைவேளை தேவைப்படுவதால், இந்தப் பாட்டைக் கடைசி உருப்படியாக வைத்துக்கொள்ளாமல், பூஜை முடிந்து பிரசாதம் வழங்கும் வேளைக்கு அடுத்ததாகப் போட்டுக்கொள்வது நல்லது.