"இந்தக் கலர் ஓடுமா?"

ஆரணியில் என் பெரியப்பா முறையில் ஒருவர் சில தறிகளுக்குப் பாவு கொடுத்து சேலை வாங்குகிறார். போன தடவை போயிருந்தபோது சாயம் போட்ட பட்டு நூலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்பா, கம்ப்யூட்டர்ல இருக்கியே, இந்தக் கலர் ஓடுமான்னு அதுல தெரியுமா?" என்றார். சிரித்துவிட்டேன். பஸ் ஏறின பிறகுதான், சந்தை ஆய்வு என்ற துறையே இந்தக் கேள்விக்காகத்தானே இருக்கு என்று உறைத்தது.

எங்கள் வேலையில் இது சுலபம். பாதிப் பேருக்கு பச்சை பட்டன், பாதிப் பேருக்கு நீலப் பட்டன் காட்டுவோம். தேறாததை ஒரு நிமிஷத்தில் தூக்கிவிடலாம். அவருக்கு அந்த வசதி இல்லை. பாவு தறியில் ஏறிவிட்டால் அதே நிறத்தில் மூணு, நாலு சேலை இறங்கியே ஆகணும். ஓடலைன்னா பட்டு, ஜரிகை, கூலி எல்லாம் பீரோவில் முடங்கும். அடுத்த பாவுக்குப் பணம் இருக்காது. தறி நிற்கும், நெசவாளிக்கு அந்த வாரம் கூலி இல்லை.

ஆய்வை முதலில் இரண்டாகப் பிரிப்பார்கள். ஏற்கெனவே யாரோ திரட்டியதைப் படிப்பது இரண்டாம் நிலை. நாமே போய்க் கேட்பது முதல்நிலை. முதல் வகை மலிவு. நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) நாடு முழுக்க நெசவிலும் அதன் துணை வேலைகளிலும் 31.45 லட்சம் குடும்பங்கள் என்கிறது. மும்பையில் இருக்கும் ஜவுளிக் குழு, வீடுகளில் என்ன துணி வாங்குகிறார்கள் என்று சர்வே எடுக்கிறது. ஆனா மாம்பழ மஞ்சளா, மயில் கழுத்தா என்பதற்கு அங்கே பதில் இருக்காது.

சரி, நேரில் கேட்டால்? எத்தனை பேர் என்று எண்ணினால் அளவு சார்ந்த ஆய்வு, ஏன் என்று தோண்டினால் பண்பு சார்ந்தது. எண்ணிக்கை பெரிசா இருந்தாலே போதும் என்று நம்பித்தான் 1985-ல் கோக கோலா மாட்டிக்கொண்டது. சுமார் 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தி, புதுச் சுவையை இறக்கினார்கள். 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. எது ருசி என்று கேட்டார்கள்; பழசை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும் என்பதைச் சரியாக எடைபோடவில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் நம்ம கடலூர். 1983-ல் அங்கே சிக் ஷாம்பு தொடங்கிய சி.கே. ரங்கநாதன், எந்தக் கம்பெனி காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் சிக் பாக்கெட் ஒன்று இலவசம் என்றார். பிறகு சிக் காலி பாக்கெட் மட்டும் என்று மாற்றினார். எல்லாரும் இதை விற்பனை உத்தி என்றுதான் சொல்வார்கள். நான் இதை ஆய்வாகவும் பார்க்கிறேன். கடைக்காரரிடம் சேர்ந்த காலி பாக்கெட்டுகள் அந்த ஊரில் எது உண்மையிலேயே தலையில் தேய்க்கப்பட்டது என்று காட்டும். "என்ன ஷாம்பு போடுறீங்க?"ன்னு கேட்டால் ஜனங்கள் கௌரவத்துக்கு ஒரு பேர் சொல்லலாம். காலி பாக்கெட் பொய் சொல்லாது.

பட்டுச் சேலைக்குக் காலி பாக்கெட் எது? ஜவுளிக்கடைப் பாயில் அதைப் பார்த்தேன். அம்மாவும் பெண்ணும் வந்தால் முப்பது சேலை பிரிக்கிறார்கள், ஒன்று பில் ஆகிறது. அந்த ஒன்று மட்டும்தான் கணக்கில் ஏறும். தோளில் போட்டுப் பார்த்துவிட்டு வைத்தது, விலைச் சீட்டைத் திருப்பியதும் கைவிட்டது, எடை அதிகம் என்று ஒதுக்கியது எல்லாம் மடிக்கிற பையனுக்கு மட்டுமே தெரியும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. ஆனால் 'ஆரணி' என்று பெயர் சொல்லி எத்தனை பேர் கேட்கிறார்கள்? அதுவும் அந்தப் பையனுக்குத்தான் தெரியும்.

பெரியப்பாவிடம் சொன்னேன்: சரக்கு போடும் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுங்க, பிரிச்சுப் பார்த்து வேண்டாம்னு வச்ச சேலைக்கு நிறமும் காரணமும் ஒரு வரி எழுதச் சொல்லுங்க. "அந்தப் பையனுக்கு யாரு சம்பளம் குடுக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு மாசம் கழித்து போன் வந்தது. நோட்டில் பதினோரு வரி. அதில் ஆறு, "பார்டர் பெருசு". கலரைப் பற்றி ஒன்றுதான்.