பிளீச்: ஆயிரமாண்டுக் குருதிப் போர்

பிளீச்: ஆயிரமாண்டுக் குருதிப் போர் என்பது டைட் குபோ எழுதி வரைந்த ‘பிளீச்’ என்னும் ஜப்பானிய மங்காவின் கடைசிக் கதைப்பகுதி ஆகும். அதைத் தழுவி எடுக்கப்பட்ட அனிமே தொடருக்கும் இதே பெயர்தான். ஜப்பானிய மொழியில் ‘சென்னென் கெஸ்ஸென்-ஹென்’ என்பர். பிளீச் மங்கா ‘வாராந்திர ஷோனென் ஜம்ப்’ இதழில் 2001 ஆகஸ்டு முதல் 2016 ஆகஸ்டு வரை வெளிவந்தது. மொத்தம் 686 அத்தியாயங்கள், 74 தொகுதிகள். 480ஆம் அத்தியாயத்தில் தொடங்கி முடிவுவரை செல்வது இப்பகுதி.

கதையின் முடிவு இக்கட்டுரையில் சொல்லப்பட்டுள்ளது. அனிமேயைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கருத்தில் கொண்டு மேலே படிக்கவும்.

பகையின் வேர்

பிளீச் கதையில் இறந்தோரின் ஆன்மாக்கள் சோல் சொசைட்டி எனப்படும் ஆன்ம உலகிற்குச் செல்கின்றன. அங்கிருந்து மீண்டும் மண்ணுலகில் பிறக்கின்றன. வழிதவறிய ஆன்மாக்கள் ஹாலோ என்னும் கொடிய உருவங்களாகி மனிதரைத் தின்னத் தொடங்கும். ஷினிகாமி எனப்படும் மரணத் தூதர்கள் தம் வாளால் ஹாலோவை வெட்டும்போது அதன் கறை நீங்கி, ஆன்மா ஆன்ம உலகை அடைகிறது. குவின்சி என்னும் மனித இனத்தார் ஆன்ம ஆற்றலால் ஆன அம்பை எய்து ஹாலோவைக் கொல்வார்கள். ஆனால் அந்த அம்பு பட்ட ஆன்மா அடியோடு அழிந்துபோகும்.

நீர்ச்சுழற்சியைக் கரும்பலகையில் பலமுறை வரைந்த கைக்கு இது எளிதில் விளங்கும். கடலிலிருந்து மேலே போன நீர் மழையாகத் திரும்பாமல் எங்கோ மறைந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதுபோல ஆன்மாக்கள் அழியும்போது இரு உலகங்களுக்கும் இடையிலான சமநிலை குலைகிறது. இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஷினிகாமிகள் குவின்சிகளைக் கொன்றொழித்தனர். அதற்கும் முன்பு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய போரில், குவின்சிகளின் தலைவன் யூவாக் ஷினிகாமி தளபதி யமமோட்டோவிடம் தோற்றான். தப்பியவர்கள் ஆன்ம உலகின் நிழல்களுக்குள்ளேயே ஒளிந்து, வாண்டென்ரைக் என்னும் பேரரசைக் கட்டினார்கள். இறுதிப் பகுதி அவர்களது பழிதீர்ப்பில் தொடங்குகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதுவரை நானூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களில் வாசகர் யாரை நல்லவர்கள் என்று நம்பி வந்தாரோ அவர்கள் ஓர் இனப்படுகொலையின் வாரிசுகள். சமநிலையைக் காப்பது என்னும் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் குபோ தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார். குவின்சிகள் ஹாலோக்களை அழிப்பதால் ஏற்பட்ட ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய, ஆன்ம உலகின் சாதாரணக் குடிமக்கள் 28,000 பேரைக் கொன்றுவிட்டதாக ஷினிகாமி அறிவியலாளர் மயூரி, கணக்கு ஒப்புவிப்பதுபோல அறிவிக்கிறார். போரின் பேரொலியில் இந்தக் காட்சியைப் பலர் கடந்து போய்விடுவார்கள். இந்தக் கதைப்பகுதி எதைப் பற்றியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் வேறு இல்லை என்றே தோன்றுகிறது.

யமமோட்டோவின் வீழ்ச்சி

முதல் படையெடுப்பில் குவின்சிகள், ஷினிகாமிகளின் பன்காயைப் பறிக்கும் பதக்கங்களுடன் வருகின்றனர். பன்காய் என்பது ஷினிகாமி வாளின் இறுதி விடுவிப்பு நிலை. யமமோட்டோவின் துணைவராக நெடுங்காலம் இருந்த சசாகிபே இறக்கிறார். முதியவர் யமமோட்டோ, தம் பன்காயான ‘சன்கா நோ தாச்சி’யை விடுவிக்கிறார். நெருப்பு முழுவதும் வாள்முனைக்குள் ஒடுங்கிவிடுகிறது. கரிபிடித்த பழைய வாள் போலத் தெரிந்தாலும் அது தொட்டதெல்லாம் இல்லாமல் போகிறது. அவரைச் சூழும் வெப்பம் ஒன்றரைக் கோடிப் பாகை. தாம் எரித்துக் கொன்றவர்களின் சாம்பலை எழுப்பிப் போரிட வைக்கவும் அந்த வாளால் முடியும்.

அவர் வெல்கிறார். ஆனால் வென்றது யூவாக்கின் உருவெடுத்து வந்த ஒருவனை. உண்மையான யூவாக் பின்னர் வந்து, பன்காயைப் பறித்து அவரைக் கொல்கிறான். முன்னர் இழந்த கையை ஏன் திரும்பப் பெறவில்லை என்று அவன் கேட்கும் இடம் முக்கியமானது. ஒரு மனிதப் பெண்ணின் குணப்படுத்தும் ஆற்றலை நாட யமமோட்டோ விரும்பவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எதையும், யாரையும் கருவியாக்கத் தயங்காத கொலைஞராக இருந்தவர், காக்க வேண்டியவை பெருகியதும் பலவீனராகிவிட்டார் என்பது யூவாக்கின் தீர்ப்பு. குவின்சிகள் ஐந்து பேரைக் கணிக்க முடியாத சிறப்புப் போராற்றல்களாகக் குறித்து வைத்திருந்தனர். அந்தப் பட்டியலில் யமமோட்டோவின் பெயர் இல்லை.

பகைவன் சொல்வது சரியா? கதை உடனே பதில் சொல்வதில்லை. யமமோட்டோவின் இறப்புக்குப் பின், மருத்துவப் பிரிவின் தலைவி உனோஹானா, சராகி கென்பாச்சியைப் பழைய மூர்க்கத்திற்குத் திருப்பத் தம் உயிரையே கொடுக்கிறார். குணப்படுத்துபவராக நாம் அறிந்த அவரே முதல் கென்பாச்சி என்பது அப்போதுதான் தெரிகிறது.

இரு குருதியின் பிள்ளை

கதைத்தலைவன் இச்சிகோ குரோசாகியின் தந்தை ஷினிகாமி, தாய் மசாக்கி குவின்சி. இதுகாறும் வாளின் ஆன்மா என்று அவன் நம்பிய முதியவர் உண்மையில் அவனுள் இருந்த குவின்சி ஆற்றல். அந்த முதியவரின் தோற்றம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய யூவாக்கின் தோற்றம். தன் தாய் ஏன் இறந்தார் என்பதும் இங்கேதான் விளங்குகிறது. தூய குருதி இல்லாதோர் என்று தான் கருதிய குவின்சிகளின் ஆற்றலை யூவாக் ஒரே நாளில் பறித்துக்கொண்டான். அந்நாளில் ஆற்றலிழந்து நின்ற மசாக்கி, ஒரு ஹாலோவிடம் உயிரிழந்தார். அதே பறிப்பினால் நோயுற்று இறந்தவர் இச்சிகோவின் நண்பன் உரியூ இஷிதாவின் தாய். அவரது இதயத்தில் உறைந்திருந்த வெள்ளியைக் கொண்டு உரியூவின் தந்தை ஓர் அம்புமுனை செய்து வைத்திருந்தார்.

யூவாக் எதிர்காலங்களைப் பார்க்கவும் மாற்றவும் வல்லவன். உலகங்களைத் தாங்கும் ஆன்ம அரசனை வீழ்த்தி, பிறப்புக்கும் இறப்புக்கும் வேறுபாடில்லாத பழைய உலகை மீட்பதே அவன் நோக்கம். முடிவில் அவன் ஆற்றல் ஒரு கணம் நிற்பது அந்த வெள்ளி அம்பினால். அவனால் இறந்தவரின் உடலிலிருந்து வந்த ஆயுதம் அது.

முடிவும் அனிமேயும்

மங்காவின் இறுதி அத்தியாயங்கள் அவசரமாக முடிந்தன என்ற குறை வாசகரிடையே பரவலாக இருந்தது. அக்குறையில் நியாயம் உண்டு. சில சண்டைகள் பாதியில் நிற்கின்றன. சில பாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்பதே தெரியவில்லை. பத்தாண்டு கழிந்து ருக்கியா படைப்பிரிவுத் தலைவியாவதையும் இச்சிகோவின் மகனையும் காட்டிக் கதை முடிகிறது. முதல் அத்தியாயத்தின் தலைப்பே கடைசி அத்தியாயத்திற்கும் வைக்கப்பட்டுள்ளது.

முதல் அனிமே தொடர் 366 அத்தியாயங்களுடன் 2012 மார்ச்சு 27இல் நின்றுவிட்டதால், இப்பகுதி பத்தாண்டுகளுக்கும் மேலாகத் திரைக்கு வரவில்லை. ஸ்டுடியோ பியரோ, தோமோஹிசா தகுச்சியின் தலைமையில் 2022 அக்டோபர் 11 முதல் இதை வெளியிடத் தொடங்கியது. 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் முறையே 13, 13, 14 என 40 அத்தியாயங்கள் வந்தன. இசை, முன்போலவே, ஷிரோ சகிசு.

இதில் குபோவும் நேரடியாகப் பங்கேற்றார். மங்காவில் தொட்டுச் சென்றதோடு விட்ட, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய முதல் பதின்மூன்று தலைவர்களின் போர் இங்கே காட்சியாகிறது. அரச காவலர் செஞ்சுமாருவின் பன்காய் மங்காவில் இல்லவே இல்லை. அனிமேயில் ஒரு முழுச் சண்டையாகவே விரிகிறது. மங்காவை முன்னரே படித்தவர்கள்கூட அடுத்து என்ன வரும் என்று சொல்ல முடியாத நிலை. நான்காவதும் இறுதியுமான பகுதி 2026இல் வெளிவரும் என அறிவிக்கப்பட்டது. இச்சிகோவுக்கும் யூவாக்கிற்கும் இடையிலான கடைசிப் போர் அதில்தான் வருகிறது.