எஞ்சின் கதைகள் – 17: பெல்ட்டா, புகையா?

2025 மார்ச் 7-ஆம் தேதி ஆவடிக்கு ஒரு செய்தி வந்தது. ராணுவத்தின் டி-72 டாங்கிகளில் இருக்கும் 780 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக 1000 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்த, ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட்டோடு 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம். எஞ்சினைத் தயாரிக்கும் தொழில்நுட்பமும் ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கே வருகிறது. நாளிதழ்கள் இதை ராணுவச் செய்தியாகப் போட்டுவிட்டு நகர்ந்தன. கார் பைத்தியங்கள் யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்திருக்க வேண்டும். மாங்காட்டில் ஒரு மஸ்டாங்கை வைத்துக்கொண்டு ஒருவர் மாதக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வியும் அந்த ஒப்பந்தத்துக்குள் இருக்கும் கேள்வியும் ஒன்றுதான்: எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் வேலையை யாரிடம் கொடுப்பது?

எரிபொருளை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அதை எரிக்கக் காற்றுதான் போதாது என்று சென்ற வாரம் பார்த்தோம். பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வரும் காற்றோடு திருப்திப்பட்டால் சிக்கலில்லை. கூடுதலாக வேண்டுமென்றால் அழுத்தி அனுப்ப ஒரு ஊதி வேண்டும். அதைச் சுற்ற இரண்டு வழிகள் உண்டு. எஞ்சினின் கிராங்க்கிலிருந்தே பெல்ட்டோ கியரோ போட்டுச் சுற்றினால் சூப்பர்சார்ஜர். சைலன்சர் வழியாக வெளியே போகும் புகையை வைத்துச் சுற்றினால் டர்போ. முதலாவதன் மூதாதை அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை எடுத்த ஊதி. அது கார் பிறப்பதற்கு முந்தைய சரக்கு. இரண்டாவதை 1905-இல் பதிவு செய்தவர் ஆல்ஃபிரட் பியூஷி என்ற சுவிஸ் பொறியாளர்.

இந்த இரண்டு வழிகளிலும் நான்கு விதமாக நடந்து பார்த்த ஊர் ஆவடி. 1965-இல் அங்கே உருவான விஜயந்தா டாங்கியில் இருந்தது லேலண்ட் எல்-60. இரண்டு ஸ்ட்ரோக் டீசல், 535 குதிரைத்திறன். எரிந்த புகையைத் தள்ளிவிட்டுப் புதுக் காற்றை நிரப்ப அதற்கு ரூட்ஸ் வகை ஊதி வேண்டும். கூடுதல் சக்திக்காக அல்ல, அது இல்லாவிட்டால் மூச்சே கிடையாது. எல்-60 பேர்போன தொல்லைக்காரன். பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியிலும் இதே எஞ்சின்தான், அங்கேயும் இதே புலம்பல்தான். அடுத்து வந்தது டி-72, நம்மவர்கள் வைத்த பெயர் அஜேயா. அதன் வி-46-6 எஞ்சின் 38.8 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர். கிராங்க்கிலிருந்து கியர் வழியாகச் சுற்றும் மையவிலக்கு சூப்பர்சார்ஜர், 780 குதிரைத்திறன். டி-90 பீஷ்மாவில் வி-92எஸ்2. அதே 38.8 லிட்டர், அதே பன்னிரண்டு சிலிண்டர், ஆனால் ஊதி டர்போ, 1000 குதிரைத்திறன். இந்த இரண்டையும் ஆவடி எஞ்சின் ஃபேக்டரி உள்நாட்டிலேயே முழுமையாகச் செய்து 2018 ஜூலையில் ராணுவத்திடம் ஒப்படைத்தது. நான்காவது அர்ஜுன். ஜெர்மனியின் எம்.டி.யூ டர்போ டீசல், 1400 குதிரைத்திறன்.

கொள்ளளவு மாறவில்லை, சிலிண்டர் எண்ணிக்கை மாறவில்லை, 220 குதிரைத்திறன் கூடியிருக்கிறது. அது முழுவதும் டர்போவின் தயவு என்று சொல்ல முடியாது, இடையில் எஞ்சினையே நிறையப் பலப்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் பெரிய பங்கு அதற்குத்தான். மெக்கானிக்கல் ஊதி, தான் சுற்றுவதற்கான சக்தியை எஞ்சினிடமே பிடுங்கிக்கொள்ளும். டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் 707 குதிரைத்திறன் காட்டுகிறது அல்லவா, அதன் சூப்பர்சார்ஜர் உச்ச வேகத்தில் சுற்ற மட்டும் ஏறத்தாழ 80 குதிரைத்திறன் போகிறது. இரண்டு சின்ன ஹேட்ச்பேக்கை நகர்த்தப் போதுமான சக்தியை ஒரு பெல்ட் தின்கிறது. டர்போவுக்கு அந்தச் செலவு குறைவு, எப்படியும் வீணாகப் போகும் புகைதான் முதலீடு. அப்படியென்றால் டர்போவே போட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். டாங்கிக்குத் தோன்றலாம். காருக்கு அவ்வளவு சுலபமில்லை.

மாங்காட்டில் குன்றத்தூர் சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில்தான் அந்த மஸ்டாங் நிற்கிறது. ஃபோர்டு இந்த வண்டியை 2016 ஜூலையில் 65 லட்சம் ரூபாய்க்கு இங்கே விற்கத் தொடங்கியது. மறைமலை நகரில் அவர்களுக்குத் தொழிற்சாலை இருந்த காலம்தான், ஆனாலும் மஸ்டாங் அமெரிக்காவிலிருந்து முழு வண்டியாகத்தான் கப்பலேறி வந்தது. 5 லிட்டர் வி8, 401 குதிரைத்திறன். உரிமையாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், ஐ.டி. வேலை. துபாயிலிருந்து இரண்டாம் கை சூப்பர்சார்ஜர் ஒன்றை வரவழைத்து மாட்டியிருந்தார். ரூட்ஸ் குடும்பத்து ஊதி, எஞ்சின் தலைமேல் உட்காருவது. ஆக்ஸிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் இழுக்கும், கீச்சென்று ஒரு விசில் வேறு. அந்த விசிலுக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, நான் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு ஐடிலில் கடகடவென்று சத்தம் வர ஆரம்பித்தது. வேகம் எடுத்தால் நின்றுவிடும், சிக்னலில் நின்றால் மறுபடி வரும். பெல்ட் சத்தம் என்று விட்டுவிட்டார். ஒருநாள் அவுட்டர் ரிங் ரோட்டில் பிக்கப் அப்படியே செத்துவிட்டது.

நான் போனபோது ஊதியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள். மெக்கானிக் அண்ணன் புல்லியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். லேசாக ஆடியது. ஆடவே கூடாது.

"ஆயில் எப்ப மாத்துனீங்க தம்பி?"

"போன மாசம்தாண்ணே."

"எஞ்சின் ஆயில் இல்ல. இதுக்கு."

"இதுக்குத் தனியா ஆயில் இருக்கா?"

இருக்கிறது. முன்மூக்கில் கியர்களும் பேரிங்குகளும் ஓடும் சின்ன அறையில் கொஞ்சம்போல ஆயில், எஞ்சின் ஆயிலோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. அவர் ஸ்க்ரூவைத் திறந்து சாய்த்ததும் கருப்பாக வழிந்தது, கொட்டகை முழுக்க ஒரு நாற்றம். ஒரு காந்தத்தை அதில் தோய்த்து எடுத்தார். பொடிப்பொடியாக இரும்பு ஒட்டிக்கொண்டு வந்தது. முன்பேரிங் தேய்ந்திருந்தது. புல்லித் தண்டையும் ரோட்டர் கியரையும் இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரில் வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. ஐடிலில் கடகடத்தது அதுதான். பேரிங் இடம் கொடுத்ததும் ரோட்டர்கள் ஒன்றையொன்று உரசத் தொடங்கியிருக்கின்றன. இரண்டு ரோட்டரும் மயிரிழை இடைவெளியில் தொடாமல் சுற்ற வேண்டும், அதற்காகத்தான் கியர் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். உரசினால் அலுமினியத் துகள் நேராக எஞ்சினுக்குள் போகும். நல்லவேளை, காற்றைக் குளிர்விக்கக் கீழே இருந்த இன்டர்கூலரின் தகடுகளில் கொஞ்சம் சிக்கியிருந்தது. பிளக் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்ததில் சிலிண்டர் சுவரில் கீறலில்லை.

காரணம் ஆயில் மட்டுமா? புல்லியையும் பார்த்தேன். சிறிய புல்லி, முன்னால் வைத்திருந்த யாரோ மாற்றியது. 85 மில்லிமீட்டர் புல்லி இருக்க வேண்டிய இடத்தில் 70 போட்டால் ஊதி 21 சதவீதம் வேகமாகச் சுற்றும். பெல்ட் வழுக்கக்கூடாது என்று இழுவையை இன்னும் முறுக்குவார்கள். அந்தப் பக்கவாட்டு இழுப்பு முழுவதையும் தாங்குவது அதே முன்பேரிங்தான். காசு கொடுத்து வாங்கிய பூஸ்ட்டுக்கு வட்டி கட்டியது அது.

இப்போது கேள்வி: இதையே சரிசெய்வதா, மையவிலக்கு சூப்பர்சார்ஜருக்கு மாறுவதா, இரட்டை டர்போவா? உரிமையாளருக்கு டர்போமேல் ஆசை. நண்பர்கள் யாரோ ஆயிரம் குதிரைத்திறன் என்று ஓதியிருக்கிறார்கள்.

நான் அவரிடம் கேட்டது வேறு: சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி கையைச் சுடும் இல்லையா, எல்லா ஊதிக்கும் அதே கதைதான். அக்னி நட்சத்திரத்தில் மாங்காட்டுக் காற்று 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 7 பி.எஸ்.ஐ. பூஸ்ட் கொடுக்கிறோம். 60 சதவீதத் திறனுள்ள ரூட்ஸ் ஊதியிலிருந்து அது கிட்டத்தட்ட 100 டிகிரியில் வெளியே வரும். 75 சதவீதத் திறனுள்ள மையவிலக்கு ஊதியோ டர்போவோ என்றால் ஏறத்தாழ 90. சூடான காற்று விரிந்த காற்று, அழுத்திய பலனில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. அதைவிட மோசம், பொறியின் தீ பரவி வந்து சேர்வதற்கு முன்பே பெட்ரோல் தானாக வெடிக்கத் தொடங்கும். நாக்கிங். டீசல் டாங்கிக்கு இந்தப் பயம் கிடையாது. டீசல் எஞ்சினின் பிழைப்பே சூட்டில் தானாகப் பற்றுவதுதான், பெட்ரோல் எஞ்சினுக்கு அதுவே எமன்.

ஊதி அழுத்தியதைப் பிஸ்டன் மறுபடி அழுத்தும், மஸ்டாங்கின் அந்த வி8-இல் அந்த அழுத்த விகிதம் 11-க்கு 1. ஊதி இல்லாமல் நன்றாக ஓடுவதற்காக வைத்த கணக்கு. தொழிற்சாலையிலேயே சூப்பர்சார்ஜரோடு பிறந்த ஹெல்கேட்டுக்கு 9.5. 2020-இல் வந்த ஷெல்பி ஜிடி500, 760 குதிரைத்திறன், அதற்கும் 9.5. விகிதத்தைக் குறைத்து, பிஸ்டனையும் ராடையும் தடிமனாக்கி, பிறகுதான் ஊதியை வைத்தார்கள். நாம் மேலே மட்டும் வைக்கிறோம்.

இதில் தடுக்கி விழுந்த முன்னோடி ஒருவர் உண்டு. 1962-இல் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. உலகில் முதன்முதலாக டர்போவோடு கடைக்கு வந்த கார்களில் ஒன்று. 3.5 லிட்டர் அலுமினிய வி8, அழுத்த விகிதம் 10.25. நாக்கிங்கைச் சமாளிக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதற்கு டர்போ ராக்கெட் திரவம் என்று பெயர் வேறு. பெட்ரோல் போடுவதோடு இதையும் நிரப்ப வேண்டும். யார் நிரப்பினார்கள்? தொட்டி காலியானால் பூஸ்ட் தானே குறைந்துவிடும், வண்டி இழுக்கவில்லை என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதா கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் ஆட்டம் முடிந்தது. சிக்கலில் பெரும்பங்கு பராமரிப்பில்தான். நம் மாங்காட்டுத் தம்பிக்கு ஊதியின் ஆயில் மாற்றவேண்டும் என்று தெரியாததும் இதே வகையறாதான்.

பெட்ரோலையும் பார்க்க வேண்டும். நம் ஊர் சாதாரண பெட்ரோல் நெடுங்காலம் 91 ஆக்டேன் கணக்கில்தான் இருந்தது. இப்போது 20 சதவீத எத்தனால் கலப்பு. எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், அது லாபம். ஆனால் அதே சக்திக்கு அதிக அளவு ஊற்ற வேண்டும், அது செலவு. பழைய பெட்ரோலுக்கு மேப் எழுதிய பூஸ்ட் வண்டியில் இன்ஜெக்டர்கள் ஏற்கெனவே மூச்சு முட்டத் திறந்திருந்தால், புதுக் கலவையில் எரிபொருள் பற்றாமல் காற்று மிகுந்துவிடும். பிஸ்டன் உருகுவது அப்படித்தான். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தது, ஆனால் எல்லாப் பங்கிலும் கிடைக்காது. பூந்தமல்லி பக்கம் நள்ளிரவில் டேங்க் காலியானால் கிடைப்பதைத்தான் போட வேண்டும்.

டர்போவுக்கு இன்னொரு தொல்லை. வி8-இன் இரு பக்கமும் பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஒரு மூடிய பானெட்டுக்குள் உட்காரும். மாங்காடு கோயிலுக்குக் கூட்டம் வரும் நாளில் குன்றத்தூர் சாலையில் முதல் கியரிலேயே ஊர்ந்து பாருங்கள். காற்றோட்டம் கிடையாது, ஏசி ஓடிக்கொண்டிருக்கும். ஹோஸ்களும் வயரிங்கும் பொரியும். டாங்கிக்கு இருக்கும் பெரிய விசிறியும் தனிக் குளிர்விப்பும் இங்கே எங்கே போவது?

மையவிலக்கு ஊதியை நான் பாதி மனதோடு ஆதரித்தேன். வேகம் ஏற ஏறத்தான் அதன் பூஸ்ட் ஏறும், நெரிசலில் தூங்கிக்கொண்டிருக்கும், சூடு குறைவு. வி-46-இல் இருப்பதும் இந்த ஜாதிதான். ஆனால் விற்பனைக்கு வரும் பல கிட்டுகளில் ஏர் ஃபில்டரை முன்சக்கரத்தின் அருகே தாழ்வாக வைக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு மாங்காட்டுத் தெருக்கள் என்ன ஆகும் என்று 2021-இல் ஊரே பார்த்தது. முழங்கால் தண்ணீரில் அந்த ஃபில்டர் தண்ணீரைக் குடித்தால் ராடு வளைந்துவிடும். பேரிங் தேய்மானமெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை.

ஆகவே என் யோசனை இதுதான். இருக்கும் ஊதியையே பிரித்து, பேரிங், கப்ளர், ஆயில் சீல் எல்லாம் மாற்று. மூக்குப்பகுதியைப் பேரிங் அழுத்திப் பொருத்த அம்பத்தூர் எஸ்டேட்டில் நல்ல மெஷின் ஷாப்புக்கு அனுப்பு, சுத்தியலால் தட்டி ஏற்றாதே. பெரிய புல்லியைத் திரும்பப் போடு, பூஸ்ட் குறையட்டும். இன்டர்கூலருக்குத் தண்ணீர் ஓட்டும் பம்ப் வேலை செய்கிறதா என்று பார். அந்தப் பம்ப் செத்தும் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போதைய பெட்ரோலுக்குப் புது மேப் எழுதச் சொல். உரசிய ரோட்டரின் பூச்சு ரொம்பப் போயிருந்தால் மட்டும் வேறு ஊதி தேடலாம். ரோட்டர்களைத் துடைத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம், கீறல் ஓரத்தில் மட்டும்தான், தேறும்.

"அப்ப டர்போ வேணாங்கிறீங்க?"

"தனியா ஒரு ரேஸ் கார் வாங்கும்போது வைங்க சார்" என்றார் மெக்கானிக் அண்ணன். தம்பி எப்போது சார் ஆனார் என்று தெரியவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறையும் உண்டு. 65 லட்ச ரூபாய் வண்டிக்கு அபராதம் ஒரு பொருட்டில்லைதான். விபத்து நடந்தால் பானெட்டைத் திறந்து பார்க்கும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பொருட்டு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள் என்றேன். பேரிங் கிட்டுக்கு அன்று மாலையே ஆர்டர் போட்டார், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம்: உலகப்போர் காலத்து ஓடுபாதையில் பந்தயம் ஓட்டிய சோழவரம்.

(தொடரும்)