பாறையைப் பற்றிக் காத்திருத்தல்

ஈக்வடார் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் பெருங்கடலில் பரந்து கிடக்கும் காலாபகஸ் தீவுக்கூட்டத்தின் வடமேற்குக் கோடியில், டார்வின், வுல்ஃப் என்னும் மனிதக் குடியிருப்பற்ற இரு சிறு தீவுகள் தனித்து நிற்கின்றன. கடலடியிலிருந்து எழும்பி அவிந்துபோன எரிமலைகளின் உச்சிகளே இவை. 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இத்தீவுகளைச் சூழ்ந்த நீரில் ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக 17.5 டன் மீன் இருப்பதாகவும், அதில் பெரும்பங்கு சுறாக்களே என்றும் கணக்கிட்டது.

இவ்வளவு சுறாக்கள் இங்கே கூடுவதற்கு நீரோட்டமே முதற்காரணம். திறந்த கடலில் தடையின்றி வரும் ஓட்டம் செங்குத்தான பாறையில் மோதும் பக்கத்தில் மிதவையுயிரிகளும், அவற்றை உண்ணும் சிறு மீன்களும், அவற்றைத் தேடிப் பெருமீன்களும் திரள்கின்றன. தமிழக மீனவர் கொம்பன் சுறா என்றழைக்கும் சுத்தியல் தலைச் சுறாக்கள், பகலில் இங்கே கூட்டமாக இளைப்பாறி, உடலில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைச் சிறு மீன்கள் கொத்தித் தின்ன இடங்கொடுத்து, இரவில் ஆழ்கடலுக்கு இரை தேடச் செல்கின்றன. இருளில் அவை வழி தவறாமல் திரும்புவது எப்படி? எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது அதிலுள்ள காந்தக் கனிமங்கள் அக்காலத்துப் புவிக்காந்தத் திசையைத் தம்முள் பதித்துக்கொள்வதால் கடலடியில் உண்டாகும் காந்தச் செறிவு வேறுபாடுகளை இச்சுறாக்கள் பாதையாகக் கொள்ளக்கூடும் என்று, கலிபோர்னியா வளைகுடாவில் ஆராய்ந்த பீட்டர் கிளிம்லி 1993இல் கருத்துரைத்தார். அவ்வாறாயின், அவிந்த எரிமலை சுறாவுக்கு வழிகாட்டியும் ஆகிறது.

சுறாவை ஈர்க்கும் அதே ஓட்டம், அழுத்தமூட்டிய காற்றுக் கலனுடன் இறங்கும் ஸ்கூபா முக்குளிப்பாளரை அடித்துச் செல்லவும் வல்லது. ஆகவே இங்கே முக்குளிப்பு என்பது நீந்துவதைவிடப் பற்றிக்கொண்டிருப்பதாகவே அமைகிறது. கூரிய ஓடுடைய கொட்டலசுகள் அப்பிய பாறையைக் கையுறையணிந்து பிடித்தபடி, சுறாக்கள் நெருங்கும்வரை அசையாமல் காத்திருக்க வேண்டும். வெளிவிடும் மூச்சுக் குமிழிகளின் ஓசைக்குச் சுறாக்கள் விலகுகின்றன. ஆயினும் மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால், அழுத்தம் குறைந்து விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் மும்மடங்காகி, சுவாசிக்கும் நைட்ரஜன் உடலில் கூடுதலாகக் கரைவதால், விரைந்து மேலேறுவோரின் திசுக்களில் அது குமிழியாகப் பிரிந்து மூட்டுவலியையும் முடக்கத்தையும் உண்டாக்கும். இதற்குச் சிகிச்சையளிக்கும் உயரழுத்த அறை இருக்கும் சாண்டா குரூஸ் தீவையோ, படகில் பல மணிநேரம் பயணித்தே அடைய முடியும் என்பதால், இங்கு ஆழத்தையும் நேரத்தையும் குறைத்துக்கொள்வது எச்சரிக்கை மட்டுமல்ல, கணக்கும்கூட.

டார்வின் தீவருகே கடலில் நின்ற இயற்கைப் பாறை வளைவின் மேற்பகுதி 2021 மே 17 அன்று அரிப்பினால் இடிந்து விழுந்தது. எஞ்சிய இரு தூண்களின் அருகே, நீருக்கடியிலுள்ள பாறை மேடையில் முக்குளிப்போர் இன்றும் பற்றிக்கொண்டு காத்திருக்கின்றனர்.