குழிக்குள்ளே கொட்டுது காசு!

விருத்தாசலம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பழமலைநாதர் கோயில், ரயில்வே ஜங்ஷன், முந்திரி, அப்புறம் எங்க ஊர்ப் பீங்கான். இந்த லிஸ்ட்டில் கோல்ஃப் கிடையாது. வரவும் வேண்டாம்! 18 குழி உள்ள கோல்ஃப் மைதானத்துக்குச் சுமார் 100 ஏக்கர் வேணும். ஆண்கள் கபடிக் களமோ 13 மீட்டருக்கு 10 மீட்டர். மூணேகால் சென்ட்டுக்குள் அடங்கிடும். அந்த நூறு ஏக்கரில் மூவாயிரம் கபடிக் களம் போட்டு, ஓரமா ஒரு டீக்கடையும் வைக்கலாம்.

ஆனாலும், கோல்ஃப்காரங்ககிட்டேயிருந்து நாம கத்துக்க வேண்டிய சமாசாரம் ஒண்ணு இருக்கு ஸார்... வசூல் வித்தை!

1952-ல் ஹாலிவுட் நட்சத்திரங்கள் பிங் க்ராஸ்பியும் பாப் ஹோப்பும், லண்டனுக்குப் பக்கத்தில் மெய்டன்ஹெட் என்ற ஊரில் கோல்ஃப் மட்டையும் கையுமா இறங்கினாங்க. எதுக்கு? பிள்ளைங்க ஆடுற மைதானங்களுக்காக 1925-ல் பிரிட்டனில் ஆரம்பித்த சங்கத்துக்கு நிதி சேர்க்க.

இந்தத் தர்ம ஆட்டத்தில் காசு எப்படிச் சேருது தெரியுமா? நாலு பேர் ஒரு டீம். ஆளுக்கு இவ்வளவுன்னு நுழைவுக் கட்டணம். 18 குழிக்கு 18 கம்பெனி. குழி பக்கத்தில் போர்டு நட தனிக் காசு. அடிச்ச பந்து புதருக்குள் போச்சா? காசு கட்டினா மறுபடி அடிக்கலாம். அதுக்குப் பேர் ‘மல்லிகன்’. கில்லி விளையாடும்போது நாம இதை அழுகுணி ஆட்டம்னு சொல்வோம்! ‘ஒரே அடியில் குழியில் போட்டால் கார் பரிசு’ன்னு ஓர் அறிவிப்பு வேற. குழியோட அகலம் நாலேகால் அங்குலம்தான். அப்படியும் எவனாவது போட்டுத் தொலைச்சா? அதுக்கும் முன்கூட்டியே இன்ஷூரன்ஸ் எடுத்து வெச்சிருப்பாங்க. கில்லாடிங்க!

சிரிச்சது போதும். அலி ஷேர்னு ஒருத்தர். டெல்லியில் அடுத்தவங்களோட கோல்ஃப் பையைச் சுமந்த ‘கேடி’. அவர்தான் 1991-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை ஜெயிச்ச முதல் இந்தியத் தொழில்முறை வீரர். 1993-ல் மறுபடியும் ஜெயிச்சார். திறமை இருந்தது, ஆனா, புல்தரைக்குள் நுழைய அவருக்கு ஒரு மூட்டை தேவைப்பட்டது. மூட்டை தூக்காமலே ஆடுற இடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டாமா? பள்ளிக்கூடம்னா மைதானம் இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. எங்க தெருப் பசங்களோ, நிறுத்தி வெச்ச பைக்குகளுக்கு நடுவில்தான் பந்தை உதைக்கிறாங்க.

அதனால என் யோசனை இது. கோல்ஃப் வேண்டாம், கபடி போதும். ஆபீஸுக்கு ஒரு டீம், தெருவுக்கு ஒரு டீம். களத்தோட நாலு பக்கக் கோட்டுக்கும் நாலு கடைக்காரங்க பேர். ஒரே ரைடில் மூணு பேரை அவுட் ஆக்கினா மிக்ஸி பரிசு. சேர்ந்த காசைப் புதுசா பெயர்ப்பலகை வைக்கச் செலவழிக்காம, முள்ளுச்செடி பிடுங்க, மழைத்தண்ணி வடிய, வருஷா வருஷம் சுண்ணாம்புக் கோடு போடன்னு ஒதுக்கணும். மைதானம் கிடைக்கிறதைவிட, அது மைதானமாகவே நீடிக்கிறதுதான் கஷ்டம்!

கோப்பைக்கு மட்டும் வெளியூர் அலைய வேண்டியதில்லை. நம்ம ஊர்ச் சூளையிலேயே ஜோரா ஒரு பீங்கான் கோப்பை சுட்டுக்கலாம். ஜெயிச்சவங்க துள்ளிக் குதிக்கும்போது கீழே போட்டுடாம இருந்தா சரி!