வடசென்னைக் காற்றுத்தரத் தரவும் இணைய அட்டவணையும்: முன்முனைச் சட்டகங்களின் பணியும் எல்லையும்

முன்னுரை

யானைக்கவுனி, இராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆகியவற்றை உள்ளடக்கிய வடசென்னை, துறைமுகமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையங்களும் செறிந்த பகுதியாகும். மணலி, இராயபுரம், கொடுங்கையூர் ஆகிய இடங்களிலுள்ள தொடர் கண்காணிப்பு நிலையங்களின் அளவீடுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இணையத்தில் வெளியிடுகிறது. இத்தகைய தரவை ரியாக்ட், வியூ, ஆங்குலர் முதலிய முன்முனைச் சட்டகங்களைக் கொண்டு அட்டவணையாகக் காட்டும்போது எழும் பொருள் மாற்றங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டகத்தின் பணி

தரவு மாறும்போது திரையைத் தரவுக்கு ஏற்ப மாற்றியமைப்பதே சட்டகத்தின் முதன்மைப் பணி. நிரலர் ஒரு கிடைவரிசைக்கான வார்ப்புருவை மட்டும் எழுதுகிறார். பட்டியலிலுள்ள ஒவ்வொரு பதிவுக்கும் சட்டகம் அதனைத் திரும்பத் திரும்ப வரைகிறது. எனினும், அரசின் திறந்த தரவுத் தளத்தில் ஒரு நிலையத்தின் ஒரு மாசுப்பொருளுக்கு ஒரு பதிவு என்ற முறையில் குறைந்த, உயர்ந்த, சராசரி மதிப்புகள் தரப்படுகின்றன. நிலையங்கள் கிடைவரிசையாகவும் மாசுப்பொருள்கள் நெடுவரிசையாகவும் அமைய வேண்டுமெனில், வரைவதற்கு முன்பே தரவைத் தொகுத்து மாற்ற வேண்டும். பிழைகள் பெரும்பாலும் இம்மாற்றத்தின்போதே நுழைகின்றன.

இன்மையும் சுழியும்

கருவி பழுதுற்ற வேளையில் அளவீடு கிடைப்பதில்லை. வெற்று மதிப்பை மேற்கூறிய மூன்று சட்டகங்களும் வெறுங்கட்டமாகவே காட்டும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் வெற்று மதிப்பையோ வெற்றுச் சரத்தையோ எண்ணாக மாற்றினால் 0 கிடைக்கும். அளக்கப்படாத காற்று அட்டவணையில் மாசற்ற காற்றாகிவிடும். இதன் மறுதலையும் உண்டு: மதிப்பு இல்லையெனில் கோடு இடுக என்னும் நோக்கில் 'அல்லது' செயற்குறியைப் பயன்படுத்தினால், உண்மையாக அளக்கப்பட்ட 0 கோடாக மாறும். ஆகவே இன்மையைத் தனிநிலையாகக் கருதி, 'அளவீடு இல்லை' என்றே எழுதிக் காட்டுதல் வேண்டும்.

2014இல் அறிமுகமான தேசியக் காற்றுத்தரக் குறியீட்டின் விதியும் இதனையே வலியுறுத்துகிறது. குறைந்தது 3 மாசுப்பொருள்களின் தரவு இருந்தால்தான் குறியீடு கணிக்கப்படும். அவற்றுள் ஒன்று நுண்துகளாக இருத்தல் வேண்டும். இன்மையைச் சுழியாக்கும் அட்டவணை, கணிக்கக் கூடாத குறியீட்டையும் கணித்துக் காட்டிவிடும்.

வரிசைப்படுத்தல்

ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான வரிசையாக்கம் மதிப்புகளை எழுத்துச் சரங்களாக ஒப்பிடுகிறது. 9, 85, 120 ஆகிய மூன்றும் ஏறுவரிசையில் 120, 85, 9 என அமையும். மாசு மிகுந்த நிலையம் முதலில் வர வேண்டுமென இறங்குவரிசையைத் தேர்ந்தால், 9 முதலிடம் பெறும். எண்களாக ஒப்பிடும் விதியை நிரலரே தர வேண்டும்.

இடப்பெயர்களிலும் இச்சிக்கல் உண்டு. தமிழ் மரபில் மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வருவதால் அம்பத்தூர் முதலிலும் அமைந்தகரை அடுத்தும் அமைய வேண்டும். ஒருங்குறியில் புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளின் குறியெண்களைவிடப் பெரிதாதலால், குறியெண் வரிசையில் அமைந்தகரை முந்திக்கொள்கிறது.

அலகும் கால அளவும்

எண்ணின் பொருளை நெடுவரிசைத் தலைப்பே வரையறுக்கிறது. 2.5 மைக்ரோமீட்டர் அளவிலான நுண்துகளின் செறிவு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் எனில், அதன் துணைக்குறியீடு 100. தலைப்பில் 'நுண்துகள்' என்று மட்டும் இருந்தால் ஒரே காற்றுக்கு இரு மதிப்புகள் தோன்றும்.

கால அளவு இதனினும் முக்கியமானது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூரில் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அமோனியாவுக்கான 24 மணிநேரத் தர அளவு கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம். எடுத்துக்காட்டாக, ஒரு மணிநேரம் 2400ஆகவும் எஞ்சிய 23 மணிநேரம் சுழியாகவும் இருந்ததாகக் கொண்டால், நாள் சராசரி 100 மட்டுமே. சராசரியை மட்டும் காட்டும் அட்டவணையில் அந்த ஒரு மணிநேரம் மறைந்துவிடும். எனவே உயர்ந்த மதிப்புக்குரிய நெடுவரிசையை இடமின்மை கருதி நீக்குதல் தகாது.

முடிவுரை

சட்டகம் தரவைப் பிழையின்றி வரையும். பிழையான தரவையும் அவ்வாறே வரையும். இன்மை, வரிசை, அலகு, கால அளவு ஆகிய நான்கையும் வார்ப்புருவுக்கு வெளியே, தனித்துச் சோதிக்கத்தக்க செயற்கூறுகளாக எழுதுதல் ஏற்றது. சட்டகம் மாறினாலும் அவை மாறாமல் பயன்படும். கொடுங்கையூரிலோ மணலியிலோ ஒருவர் தம் குழந்தையை வெளியே விளையாட அனுப்பலாமா என்று முடிவுசெய்யப் பார்ப்பது அட்டவணையின் ஒரு கட்டத்தையே. அக்கட்டம் அளந்ததை மட்டுமே சொல்லுதல் வேண்டும். அளக்காததை அளக்கவில்லை என்றே சொல்லுதல் வேண்டும்.